மூன்றாவது சேனல்

அரங்கின் பின்கதவைக் காவலாளி திறந்துவிட்டபோது வெளியே கண்ணைக் கூசும் வெயில். உள்ளே கால் வைத்ததும் வெயில் என்று ஒன்று இருந்த சுவடே இல்லை. நனைந்து காய்ந்து மறுபடி நனைந்த தரைவிரிப்பின் வாடை. விளக்குச் சூட்டில் கருகிய தூசியின் வாடை. மடங்கிக் கிடந்த நாற்காலி வரிசைகளின் நடுவே, ஒரு கையில் ஒலி மிக்ஸர் பெட்டியும் மறு தோளில் தம்பியின் பையுமாகப் பெரியவன் நடந்தான். பை கனக்கும் என்று நினைத்திருந்தான். கனக்கவில்லை.

பைக்குள் இருந்தது, கிட்டார் சத்தத்தை உருவாக்கித் தரும் சின்னவனின் டிஜிட்டல் ஆம்ப். தடித்த அகராதி அளவுதான் இருக்கும். மேலே மிதிக்கிற பொத்தான்கள், நடுவே ஒரு சின்னத் திரை. இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய பழைய ஆம்ப்களை யார் யாரிடமோ இரவல் வாங்கி, வீட்டின் பின்னறையில் வைத்து, முன்னால் மைக் நிறுத்தி, ஒவ்வொன்றின் குரலையும் இந்தப் பெட்டிக்குப் பழக்கியிருந்தான் சின்னவன். அவன் மேடையில் எழுப்பிய சத்தம் முழுக்க இதற்குள்தான் இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, கிட்டார் கம்பி வாங்கக் கடைக்குப் போனவன் திரும்பவில்லை. லாரி. வீட்டில் எல்லாரும் முறைவைத்தது போல அழுதார்கள். பெரியவனுக்கு அழுகை வரவில்லை. குளியலறைக் கண்ணாடி முன் நின்று முயன்றும் பார்த்தான். முகம் கோணியதே தவிர ஒன்றும் வரவில்லை. அதிலிருந்து எல்லாம் தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போலவே இருந்தது.

"கொண்டாந்துட்டியா?" மேடையில் டிரம்ஸ் பூட்டிக்கொண்டிருந்தவன் கேட்டான். அவனை எல்லாரும் இடி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ம்."

"அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"அலமாரி மேலேர்ந்து எடுக்கும்போது பார்த்துட்டே நின்னாங்க. அவன் சத்தம் அதுலதானே இருக்கு, பத்திரமா திரும்பக் கொண்டு வான்னாங்க."

இடி தலையைக் குனிந்து ஒரு திருகாணியைத் தேவைக்கு மேல் இறுக்கினான்.

சின்னவன் இடத்தில் வாசிக்க வந்திருந்த பெண் மேடை ஓரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். சுருட்டை முடி, வந்த அன்றே இடி அவளுக்குச் 'சுருட்டை' என்று பேர் வைத்துவிட்டான். அவளுடைய சொந்தப் பெட்டி இந்த வாரம்தான் புகைந்து படுத்துவிட்டது. அவள் சத்தங்கள் ஒரு பென் டிரைவில் இருந்தன. அதைச் சின்னவனின் பெட்டி படிக்க மறுத்தது.

"அண்ணா, இது எந்தக் காலத்து வெர்ஷன்? நான் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தப்ப வந்தது மாதிரி இருக்கு."

"அவன் அப்டேட்டே பண்ண மாட்டான்," என்றான் இடி. "கேட்டா, நல்லா தூங்குற குழந்தையை எழுப்பி, தூங்குறியான்னு எதுக்குடா கேக்கணும்பான்."

"அவன் சத்தத்துலயே வாசிக்க முடியாதா?" என்றான் பெரியவன்.

"வாசிச்சுப் பார்த்தேன்ணா. அடுத்தவங்க செருப்பைப் போட்ட மாதிரி இருக்கு. அவர் கால் அச்சு அப்படியே இருக்கு. என்னால முடியல."

நிகழ்ச்சி நாளில் அப்டேட் செய்வதில்லை. இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. பாதியில் நின்றால் பெட்டி வெறும் இரும்பு. ஆனால் சாயங்காலமே நிகழ்ச்சி. வேறு பெட்டிக்கு வழியில்லை. பெரியவன் தம்பியின் சத்தங்களை முதலில் மடிக்கணினிக்கு நகலெடுத்தான். அந்த நகலை இன்னொன்றாகவும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு பொத்தானை அழுத்தினான்.

சின்னத் திரையில் வெள்ளைக்கோடு ஊர்ந்தது. மூவரும் பிரசவ அறை வாசலில் நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள்.

பெட்டி அணைந்து எழுந்தது. உள்ளே எதுவுமில்லை, தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் போல. நகலைத் திரும்ப ஏற்றினான். சின்னவன் வைத்த பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரைக்கு வந்தன. ஈரச் சுவர். வெறும் வயிறு. அண்ணன் கோபம். எல்லாவற்றிலும் கர்ணகடூரமான சத்தத்துக்குத்தான் அந்தக் கடைசிப் பெயர்.

"வந்துட்டான்டா," என்றான் இடி. சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டான்.

சுருட்டையின் சத்தங்களும் ஏறின. அவள் வாசித்துப் பார்த்தாள். நன்றாகவே இருந்தது. வேலை முடிந்ததென்று அவளும் இடியும் சாப்பிடப் போனார்கள். பெரியவனுக்குப் பசிக்கவில்லை. அரங்கின் கடைசி வரிசைக்குப் பின்னால் மிக்ஸர் முன்னே உட்கார்ந்தான். கிட்டார் சத்தம் வந்து சேரும் மூன்றாவது சேனலின் கீழே, பழைய ஒட்டுத்தாளில், சின்னவனின் கோணல் கையெழுத்தில் 'நான்தான்' என்று எழுதியிருந்தது.

அண்ணன் தம்பிக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் இடையே மூன்றாவது சேனலின் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரைப் பெரியவன் கீழே இறக்கி வைத்துவிடுவான். சின்னவன் சுருதி சேர்த்து முடித்ததும், மோதிர விரலால் கிட்டார் உடம்பில் இரண்டு முறை தட்டுவான். அது பெரியவனின் ஹெட்போனிலும் இடியின் காதுக்கருவியிலும் மட்டும் கேட்கும். நான் தயார், திற என்று அர்த்தம். ஃபேடர் மேலே போகும், இடி ஆரம்பிப்பான். இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட அவர்கள் மேடையில் கண்ணால் பேசிக்கொண்டதில்லை.

மேடையில் யாருமில்லை. பெட்டி சின்னவனின் 'வெறும் வயிறு' சத்தத்தில் நின்றிருந்தது. கிட்டார் கேபிள் கழற்றப்பட்டுத் தரையில் சுருண்டு கிடந்தது.

மூன்றாவது சேனலின் பச்சை விளக்கு மினுக்கியது.

இரைச்சல்தான் என்று நினைத்தான். வாசிக்காத நேரத்தில் இரைச்சல் வெளியே வராமல் மூடிவைக்கும் அமைப்புக்குக் கேட் என்று பெயர். கம்பி அதிர்ந்தால் திறக்கும், அடங்கினால் மூடும். புது வெர்ஷனில் அதன் அமைப்பை மாற்றியிருந்தார்கள். சின்னவனின் பழைய கேட் அளவுகள் இதில் வந்து ஒட்டவில்லை. அவன் சத்தங்கள் எல்லாவற்றிலும் கேட் திறந்தபடியே கிடந்தது.

விளக்கு மறுபடி மினுக்கியது. மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி.

மூச்சு விடுவது போல.

ஹெட்போனை மாட்டிக்கொண்டான். முதலில் வெறும் உறுமல். அதற்குக் கீழே, தண்ணீருக்கு அடியில் தெரியும் தரை போல, ஓர் அறை இருந்தது. கதவு சாத்திய சின்ன அறையின் அடர்த்தி. ஒரு கால் ஆடும் ஸ்டூலின் கிறீச். வீட்டுப் பின்னறை ஸ்டூல் அது. அட்டையை மடித்து முட்டுக்கொடுக்கச் சொல்லிச் சின்னவன்தான் திட்டுவான்.

யாரோ அதில் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு இரண்டு தட்டல்.

பெரியவன் அசையவில்லை. பயம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தான். கைவிரல்கள் மட்டும் சில்லிட்டிருந்தன, வேறு யாருடைய விரல்களோ போல.

கொஞ்சம் பொறுத்து, மறுபடி இரண்டு தட்டல். பொறுமையாக.

ஏப்பம் விட்டுக்கொண்டே இடியும் பின்னால் சுருட்டையும் திரும்பி வந்தார்கள். பெரியவன் ஹெட்போனைக் கழற்றி அவளிடம் கேட்டான்.

"இந்தப் பொட்டிக்கு ஆம்ப் பழக்கும்போது, அந்த ரூம்ல இருந்த சத்தமும் உள்ள போயிடுமா?"

"போகாதுண்ணா. இது டேப் ரிக்கார்டர் இல்ல. ஆம்ப் எப்படிக் கத்தும்னு மட்டும் கத்துக்கும். ரூம்ல யார் இருந்தாங்கன்னெல்லாம் அதுக்குத் தெரியாது." அவன் முகத்தைப் பார்த்தாள். "ஏன்?"

"இரையுது. கேட்டை மூடிடறேன்."

மேடைக்குப் போய்ப் பெட்டியில் இருந்த எல்லாச் சத்தங்களுக்கும் கேட்டை அது போகும் எல்லை வரை ஏற்றினான். இனி ஓங்கி அடித்தால்தான் திறக்கும். பச்சை விளக்கு அணைந்தது. அரங்கம் அமைதியானது.

அந்த அமைதியில் நின்றபோதுதான் அது தோன்றியது. மூடியதால் சத்தம் வெளியே வரவில்லை, அவ்வளவே. அலமாரி மேலே கிடந்த இத்தனை மாதமும் இப்படித்தான் தட்டிக்கொண்டிருந்தானா?

சாயங்காலம் அரங்கம் பாதிக்கு மேல் நிறைந்தது. சுருட்டை அவளுடைய சத்தங்களில், அவளுடைய பாணியில் நன்றாக வாசித்தாள். கைதட்டினார்கள். அவள் தயார் என்றால் பெரியவனைப் பார்த்துத் தலையசைப்பாள். ஃபேடர் மேலே போகும். எல்லாம் ஒழுங்காகவே போனது.

கடைசிப் பாட்டு சின்னவன் மெட்டமைத்தது. கிட்டாரும் டிரம்ஸும் மட்டுமே தொடங்கும். அதற்குச் சுருதி சேர்க்கும்போது சுருட்டையின் கம்பி ஒன்று அறுந்தது. மன்னிப்புக் கேட்பது போலக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்து, கேபிளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மாற்றுக் கிட்டார் எடுக்கத் திரைக்குப் பின்னால் போனாள்.

மேடையில் இடி மட்டும் உட்கார்ந்திருந்தான். கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

ஹெட்போனுக்குள் ஸ்டூல் கிறீச்சிட்டது.

பெரியவன் மூன்றாவது சேனலைப் பார்த்தான். விளக்கு எரியத் தொடங்கியிருந்தது.

எல்லை வரை மூடிய கேட் அது.

டொக். டொக்.

மேடையில் இடியின் தலை நிமிர்ந்தது. அவன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அவன் கை எழுந்திருக்காது. இரண்டு தட்டல் கேட்டால் அடிக்க வேண்டும் என்று எத்தனையோ மேடைகளில் பழகிய கை அது. குச்சிகள் இறங்கின.

அதே கணத்தில் பெரியவனின் விரல் ஃபேடரை மேலே தள்ளியது. அதுவும் பழகிய விரல்தான்.

கிட்டார் தொடங்கியது.

ஸ்பீக்கர்கள் வழியே, ஆளில்லாத மேடையிலிருந்து, முழு அரங்கத்துக்கும். இரண்டாவது வரியில் சின்னவன் எப்போதும் ஒரு நூலளவு பிந்துவான். எத்தனை சொல்லியும் திருந்தவில்லை. அந்த இடம் வந்தது. பிந்தியது.

மேடை ஓரத்தில் சுருட்டை வந்து நின்றாள். கையில் மாற்றுக் கிட்டார். அவள் கேபிளைக் குனிந்து எடுக்கவில்லை.

சத்தம் கொஞ்சம் கூர்மையாக இருந்தது. பெரியவன் மிக்ஸரில் அந்தக் கூர்மையைக் கொஞ்சம் குறைத்தான். அவன் வேலை அது. கன்னத்தில் ஈரமாக ஏதோ ஊர்ந்தது. தொட்டுப் பார்த்து, என்னவென்று புரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

பாட்டு முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவர்களுக்கு அது ஏதோ புதுமாதிரி மேடை உத்தி.

பெட்டியை மூடிக்கட்டும்போது சுருட்டை பக்கத்தில் வந்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அண்ணா, நான் கேபிளே சொருகல."

"தெரியும்."

"என் சத்தத்துல விட்டுட்டுப் போனேன். வந்து பார்த்தா திரையில 'வெறும் வயிறு'ன்னு இருக்கு."

அவன் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கி, முழங்கையில் சுற்றி, பையில் வைத்து ஜிப்பை இழுத்தான். அவள் சம்பளத்தைக்கூடக் கேட்காமல் கிளம்பிவிட்டாள்.

வெளியே இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. வண்டியை இடி ஓட்டினான். பின்சீட்டில் பை தனியாகக் கிடந்தது. செல்போன் அடித்தது. அம்மா.

"முடிஞ்சுதாப்பா?"

"முடிஞ்சுதும்மா."

"அவன் சத்தம்... பத்திரமா இருக்கா?"

பின்சீட்டிலிருந்து, மூடிய பைக்குள்ளிருந்து, இரண்டு தட்டல்.

இடி திரும்பிப் பார்க்கவில்லை. கண் சாலையிலேயே இருந்தது. ஸ்டீயரிங்கின் மேல் அவன் விரல்கள் மட்டும் தாளம் போடத் தொடங்கின.

"இருக்கும்மா," என்றான் பெரியவன். "கூட்டிட்டு வர்றேன்."