காயாத ஸ்டியரிங்

துணியில் அழுக்கு வந்தது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அது சூடான ஈரமாக வந்ததுதான் பிடிக்கவில்லை.

கார்களின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்வது அவள் தொழில். வீட்டை ஒட்டிய ஷெட்டில் நின்ற அந்தப் பழைய கார், தம்பி ஆசைப்பட்டு வாங்கியது. வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வண்டியின் தோல் ஸ்டியரிங்கில், மெல்லிய பிரஷால் சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தையல் ஓரமாகத் தேய்த்துத் துணியால் ஒற்றினால் தூசியும் பழைய பிசுக்கும் வர வேண்டும். வந்தது வியர்வை. புகையிலையும் பழைய இரும்பும் கலந்த வாடையோடு, வெதுவெதுப்பாக, இப்போதுதான் யாரோ கையை எடுத்ததுபோல.

மதியத்திலிருந்து துடைக்கிறாள். வலப்பக்கம் உலர்ந்தால் இடப்பக்கம் கசியும். துணியை அலசத் திரும்பினால் பின்னால் தோல் நறநறவென்று முனகும், பிடியை மாற்றிப் பிடிக்கும்போது வருமே, அந்தச் சத்தம். திரும்பிப் பார்த்தால் ஒன்றுமில்லை. வெளியே மழை கட்டிக்கொண்டு வெளிச்சம் மங்கியது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பயமாக இருந்தது, அதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

தம்பி தலையை வாரிக்கொண்டே வாசலில் வந்து நின்றான்.

"முடிஞ்சுதாக்கா?"

"தோல் காயலடா. நாளைக்கு எடுத்துக்கோ."

"நாளைக்கு நாளைக்குன்னே என்னைக் கிழவனாக்கிடுவ போல. கிரீமைப் பூசு, போதும்."

"இதுக்கு முன்னாடி யார் ஓட்டினது?"

"ஒரு பெரியவர். கண்ணை மூடுற வரைக்கும் சாவியக்கூட யார் கையிலயும் குடுக்கலையாம். அவர் போனப்புறம்தான் பிள்ளைங்க வித்தாங்க. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

அம்மா போனபின் அவனை வளர்த்தவள் அவள். முடியாது என்று அவனிடம் சொல்லிப் பழக்கமில்லை, செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்று ஊரே சொல்லும். அழுக்குப் போகாத தோலில் கிரீம் பூசினால் அழுக்கு உள்ளேயே குடியேறிவிடும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுப்பவள், அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு டப்பாவைத் திறந்தாள்.

தோல் கிரீமைக் குடித்தது. பூசப் பூசக் குடித்தது. பாதி டப்பா காலியான பிறகே மேலே வழவழப்பாக நின்றது. அப்பாடா என்று கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த வழவழப்பில் ஒரு குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. நான்கு விரல்கள். அடியில் கட்டைவிரல்.

மறுபக்கமும்.

டப்பா கைதவறி விழுந்து மேசைக்கடியில் உருண்டது. குனிந்தாள், எடுத்தாள், நிமிர்ந்தாள். அதற்குள் தம்பி உட்கார்ந்துவிட்டான். எஞ்சின் உறுமியது.

"இறங்குடா."

"ஒரே ஒரு சுத்துக்கா."

"சொன்னாக் கேளு. இறங்கு."

வண்டி நகர்ந்தது. கூடவே ஓடினாள். ஷெட் வாசல். மழைத்தூறல். கேட். கேட்டுக்கு அப்பால் லாரிகள் விரையும் பெரிய சாலை. கண்ணாடி இறங்கியிருந்தது. அவன் சிரிக்கவில்லை.

"அக்கா," என்றான், சின்ன வயதில் இருட்டில் கூப்பிடுவானே, அந்தக் குரலில். "பிரேக் மிதிக்கிறேன். நிக்க மாட்டேங்குது. கையை எடுக்க முடியல."

ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. அப்போதுதான் அவன் விரல்களைப் பார்த்தாள். புறங்கைத் தோல் பட்டை பட்டையாக அமுங்கி, அமுங்கிய இடமெல்லாம் ரத்தம் வற்றி வெளுத்திருந்தது. அவன் கைகளுக்கு மேல் இன்னும் இரண்டு கைகள் இறுகிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிடி நிதானமாக, பழகிய பிடியாக, ஸ்டியரிங்கைச் சாலைப் பக்கம் திருப்பியது.