தூண்டில்மீனின் புருஷன்

அந்தப் பழைய கட்டிடத்துக்குத் தூண்டில்மீன் வந்து சேர்ந்தது ஒரு சாதாரண மத்தியானத்தில், ஐஸ் பெட்டியில். எங்கள் அருங்காட்சியக இயக்குநர் வாசலுக்கே போய் வரவேற்றார். பெற்ற தாய் வந்தபோதுகூட அவர் படியிறங்கியதில்லை. எனக்குத் தெரியும், நான் அவர் மனைவி.

மீனைப் பதப்படுத்தி ஜாடியில் வைத்தது நான். அதைப் பற்றிப் பேசப்போவது அவர். வீட்டிலும் எங்கள் வேலைப் பங்கீடு அப்படித்தான்.

வெயிலே எட்டாத ஆழத்து மீன். கரிய உடம்பு, ஊசிப் பற்கள், நெற்றியிலிருந்து நீளும் தூண்டில், அதன் நுனியில் சின்னதாய் ஒரு விளக்கு. வயிற்றில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு தொங்கல். அதுதான் ஆண். பெண்ணைக் கடித்துப் பிடித்தால் பிறகு விடுவதில்லை. கண் போகும், குடல் போகும், அவள் ரத்தத்திலேயே காலம் தள்ளும்.

திறப்பு விழாவன்று சாயங்காலம் அவர் கோடு போட்ட டை கட்டி, கத்தரிக்கோலோடு வந்தார்.

"அந்த மருவை வெட்டிடு. அமைச்சர் வர்றார், அசிங்கமா இருக்கு."

"அது அவ புருஷன்ங்க."

"எனக்கே சொல்றியா? இந்த மீனைப் பத்திக் கட்டுரை எழுதினதே நான்தான்."

"எழுதினது நான். பேருதான் உங்களுது."

தொண்டையைச் செருமினார். பதில் இல்லாதபோதெல்லாம் செருமுவார்.

"வெட்ட மாட்டேன். ஜோடியா கிடைக்கிறதே அபூர்வம். உங்களையும் தொட விடமாட்டேன்."

"அப்போ நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

"உங்க பேச்சை யார் எழுதுவா?"

என்னை வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டார். நான் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

உள்ளே ஜாடியின் மூடி நகர்ந்தது.

கத்தரி ஒருமுறை கடித்தது.

விளக்குகள் அணைந்தன. கதவிடுக்கில் மருந்து நெடி போய், பச்சைக் கடல் வாடை வந்தது. கூடவே நீலமாய் ஒரு வெளிச்சம் கசிந்தது.

"யாரு?" என்றார். பிறகு மெதுவாக, "அடடா... என்ன அழகு!"

தன்னைத் தவிர வேறு யாரையும் அவர் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

தண்ணீர் அலம்பியது. அவ்வளவுதான்.

காவலாளி கதவை உடைத்தார். எட்டிப் பார்த்துவிட்டு ஓடியவர், செருப்பை எடுக்கக்கூடத் திரும்பவில்லை.

கம்பி போட்ட ஜன்னல்கள். வேறு வழியே கிடையாது. தரையில் கத்தரிக்கோல், மூக்குக்கண்ணாடி, பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ. பக்கத்தில் வெட்டுப்பட்ட ஆண் மீன்.

ஜாடியில் அவள் இருந்தாள்.

அவள் வயிற்றில் மறுபடியும் ஒரு தொங்கல்.

குனிந்து பார்த்தேன். அதன் கழுத்தில் நூல் பருமனே உள்ள, கோடு போட்ட அதே டை. வாய் அவள் சதைக்குள் புதைந்திருந்தது. முதல்முறையாக அவரால் பேச முடியவில்லை.

செத்த பெண் மீனின் விளக்கு எரிந்தது. தூண்டில் என் பக்கம் வளைந்தது. வா, வா என்பதுபோல் ஆடியது. கால் தானாக ஓரடி எடுத்து வைத்தது.

இன்னொரு அடி வைக்க நான் விடவில்லை.

"என்கிட்ட இதெல்லாம் வேண்டாம்," என்றேன். "இத்தனை வருஷம் நான் சுமந்தாச்சு. இனி உன் முறை."

விளக்கு அணைந்தது.

அமைச்சரின் உதவியாளர் ஜாடியைப் பார்த்து முகம் சுளித்தார். "மேடம், அந்த மருவை எடுத்துடலாமே?"

"கை வச்சுப் பாருங்க," என்றேன். கத்தரிக்கோல் என் பையில் இருந்தது.

இயக்குநருக்கு உடம்பு சரியில்லை என்று அறிவித்துவிட்டு, என் பேச்சை நானே பேசினேன். கட்டுரை எழுதியது யார் என்பதையும் சொன்னேன்.

கைதட்டல் ஓய்ந்தது.

ஜாடிக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.