உள்ளங்கையில் மல்லிகை நீர்

பீப்! பீப்! பீப்!

அலாரம் கேட்டதும் நான்காம் படுக்கைக்கு ஓடினேன். படுக்கை காலி. அலறியது தலையணை மேல் கிடந்த இதயத்துடிப்புப் பட்டை. உறைகூடப் பிரிக்காத புதுப் பட்டை.

உறையைத் தொட்டேன். சத்தம் நின்றது.

என் விரல் ஈரமாகியிருந்தது. மல்லிகை வாசனை.

"என்ன நர்ஸ் நோக், பேயைப் பார்த்த மாதிரி நிக்கிற? விழாவுக்கு நேரமாச்சு" என்று சிரித்தபடி வந்தார் டாக்டர் பிரசித்.

தாய்லாந்தில், எங்கள் சியாங் மாய் மருத்துவமனையில் அன்று அந்தப் பட்டையின் அறிமுக விழா. ஒயர் வேண்டாம், நெஞ்சில் ஒட்டினால் போதும், இதயத் துடிப்பு திரையில் ஓடும். துடிப்பு தடுமாறினால் அலாரம் அடிக்கும். கண்டுபிடித்தவள் எங்கள் மருத்துவமனை இன்ஜினியர் வீரயா. அழைப்பிதழில் இருந்தது பிரசித்தின் பெயர்.

வீரயா அதைத் தன் நெஞ்சிலேயே ஒட்டிச் சோதித்து வந்தாள். போன மாதம் ஒருநாள், பக்கத்து அறையில் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு என்று சீராக ஓடியது. சாப்பிடக் கூப்பிடப் போனபோது மேஜையில் கவிழ்ந்து கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

திரையில் அப்போதும் எழுபத்திரண்டு.

பிறகுதான் தெரிந்தது, அவளுக்குத் தெரியாமல் பிரசித் சாப்ட்வேரை மாற்றியிருந்தார். துடிப்பு விட்டுப்போனால், பழைய துடிப்பையே போட்டு நிரப்பிவிடும். அலாரம் அடிக்காது.

"டாக்டர், அந்த மாத்தத்தை எடுத்துடுங்க" என்றேன், அவரோடு விழா அரங்குக்கு நடந்தபடி. "நாளையிலேர்ந்து எல்லா நோயாளிக்கும் இதைத்தானே ஒட்டப்போறோம்? வீரயாவுக்கு ஆனது..."

"அவளுக்கு இதயமே பலவீனம். சும்மா சும்மா கத்துற மெஷினை எவன் வாங்குவான்? சோதனை சமயத்துல 'கத்துது, கத்துது'ன்னு தலையில அடிச்சுக்கிட்டது நர்ஸுங்க நீங்கதானே?"

போன மாதம் வீரயாவின் சடலத்துக்கு முன்னால் வரிசையாக நின்று, அவள் வலது உள்ளங்கையில் மல்லிகை நீர் ஊற்றி மன்னிப்புக் கேட்டோம். எங்கள் ஊரில் செத்தவர்களுக்குச் செய்கிற கடைசி மரியாதை அது. பிரசித் மட்டும் வரவில்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. மேடை நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றித் தன் நெஞ்சிலேயே பட்டையை ஒட்டிக்கொண்டார் பிரசித். பெரிய திரையில் எழுபத்திரண்டு. கைதட்டல்.

அவர் வலது கையை உதறினார்.

"நோக்... ஏ.சி. ஒழுகுதா? கையில தண்ணி விழுது."

அண்ணாந்து பார்த்தேன். கூரை காய்ந்திருந்தது.

அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்தது.

இன்னொன்று.

"யாரோ ஊத்துறாங்க" என்று கிசுகிசுத்தார். கையை மூடப் பார்த்தார். விரல்கள் மடங்கவில்லை.

மல்லிகை வாசனை மேடை முழுக்கப் பரவியது.

உதடு நீலமானது. தலை சாய்ந்தது.

"பாருங்கய்யா, தூங்கியே காட்டுறாரு!" என்றார் முன்வரிசையில் ஒருவர். அரங்கமே சிரித்தது.

மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி இல்லை.

"ஓடி வாங்க! உயிர் போகுது!"

"ஏம்மா கத்துற? திரையைப் பாரு. ஜம்முனு இருக்காரு!"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவரைத் தரையில் இழுத்துக் கிடத்தினேன். பட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினேன். இப்போதுதான் பேசிய மனிதரின் உடம்பு, பிணவறையிலிருந்து எடுத்தது போல் சில்லிட்டிருந்தது.

பட்டை மேடை ஓரத்தில் கிடந்தது; பெரிய திரை மட்டும் ஓயவில்லை.

எழுபத்திரண்டு.

மறுவாரம் பிரசித்தின் கூட்டாளி தவத்சாய் வந்தார். கையில் ஒரு பெட்டி நிறையப் பட்டைகள்.

"பாவம், மனுஷன் போயிட்டாரு. அதுக்கு மெஷின் என்ன பண்ணும்? எதையும் மாத்த வேணாம். இன்னிக்கே எல்லாருக்கும் ஒட்டிடுங்க."

பெட்டியை வைத்துவிட்டு, வலது கையைக் கால்சட்டையில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"ச்சே! இந்தக் குளிர்லயும் கை இப்படி வேர்க்குதே!"

நான் பெட்டியைத் தொடவில்லை.

"வேர்வை இல்ல, சார். மோந்து பாருங்க."