கண் திறந்த இடம்

நிலாவைச் சுற்றிவிட்டு வந்து பதினோரு நாளாகியும் இருசப்பன் தன் பெண்டாட்டி திலகாவின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. சோறு போட்டால் சுவரைப் பார்த்துத் தின்றான். தண்ணீர் கேட்டால் பின்பக்கமாகக் கையை நீட்டினான்.

ஊர்க்காவல் சாமி சிலைகளுக்கு வண்ணம் அடிக்கிறவன் அவன். மேலே போய் வந்தால் ஓவியர்களுக்குக் கற்பனை ஊறும் என்று எவனோ வெளிநாட்டுப் பணக்காரன் எட்டுப் பேரைச் சொந்த ராக்கெட்டில் ஏற்ற, அதில் நம்ம இருசப்பனும் ஒருத்தன். திரும்பி வந்த அன்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அடித்த மேளத்துக்குச் செங்கல்பட்டில் சட்டிபானை உருண்டது. விழுந்த சால்வைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் ஊர் ஏரியை மூன்று சுற்றுச் சுற்றலாம். அவனோ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல், குனிந்த தலை நிமிராமல் வீட்டுக்குள் போனவன்தான்.

காலை பத்து மணி. தூரத்தில் நெல் அறுக்கும் மெஷின் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றுபோக, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வெயிலில் படக் படக்கென்று சத்தமிட, மூலையிலிருந்த, பெயின்ட்டில் கலக்கும் டர்பன்டைன் வாசனைக்குள் இரும்பு கருகினாற்போல இன்னொரு வாசனை அவன் மூச்சு விடும்போதெல்லாம் வந்து வந்து போனது. திலகாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"இன்னாய்யா, மேல எவளயாச்சும் பாத்துட்டியா? என் மூஞ்சி புளிச்சுப்பூடுச்சா?"

"நெலாவுக்குப் பின்னாடி போனோம், திலகா. ஒரே இருட்டு. ஆளாளுக்கு வரைஞ்சிக்கினு இருந்தாங்க. நான் ஜன்னல் மேல நம்ம முனீஸ்வரன் மூஞ்சிய வரைஞ்சேன். வெளிய பாக்கறாப்ல."

"கண்ணு?"

"தொறந்தேன்."

சாமிக்குக் கண் திறக்கும்போது எதிரில் எந்த உயிரும் நிற்கக் கூடாது. தெருவையே காலி பண்ணி, முதல் பார்வை விழ முகக்கண்ணாடி காட்டிவிட்டுத்தான் அவன் ஊரைக் கூப்பிடுவான்.

"கண்ணாடி காட்டலியா?"

"எதுத்தாப்ல யார் இருக்கப் போறாங்கன்னு வுட்டுட்டேன்." சுவரிடம் சொன்னான். "ஒண்ணு இருந்துச்சு. முனி பார்வ அதுமேல பட்டுச்சு. அதுவரிக்கும் அதுக்குக் கண்ணில்ல. இப்ப என் கண்ணாலதான் பாக்குது. நான் எதப் பாத்தாலும் அது பாக்கும். அதான்டி உன்ன பாக்கல."

சிரித்தாள். இப்படியே விட்டால் மனுஷன் சுவரோடு சுவராகிவிடுவான். அவன் தன்னைப் பழையபடி ஒரு தடவை பார்த்தால் போதும். தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"வோணாம்!"

இறுக மூடிய கண்கள். முகத்தை இரு கையிலும் ஏந்தினாள்.

"பதினோரு நாளா தனியா கீறேன். பாருய்யா."

பார்த்தான்.

அதே கண்கள். ஈரம். அவ்வளவுதான்.

பேச வாயெடுத்தாள். கழுத்து அண்ணாந்தது.

அவளாக அண்ணாந்து பார்க்கவில்லை.

மேலே கூரை. கூரைக்கு மேலே வெளுத்த பகல் நிலா. கண்ணுக்குத் தெரியவில்லை, அது நிற்கும் இடம் அவளுக்குத் தெரிந்தது. அவள் கண்ணால் அது தான் இருந்த இடத்தைப் பார்த்தது; இமை மூடவில்லை. இருசப்பன் தலையைப் பிடித்து அமுக்கினான். அழுதான். தலை அசையவில்லை.

உச்சி வெயிலில் முகம் மேற்குச் சுவருக்கு இறங்கியிருந்தது. நிலா மறைந்தது.

முகம் நிற்கவில்லை.

தரைக்கு வந்தது. சாயங்காலம் முகவாய் நெஞ்சில் இடித்தது. எலும்பு நெரிந்தது. மண்ணுக்கு அடியில், அந்தப் பக்கத்தில், நிலா இன்னும் போய்க்கொண்டிருந்தது.