எச்சில் படாத இழை

ஹெட்செட் கழன்று வர மறுத்தது.

தேவிப்ரியா பின்பக்கப் பட்டையை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள். நாற்காலியில் இருந்த பானுப்ரியாவின் தலைதான் பின்னால் சாய்ந்தது. கண்களை மூடியிருந்த கறுப்புப் பெட்டி அசையவில்லை. அதற்குக் கீழே பானுவின் வாய் திறந்திருந்தது. கொட்டாவி விடுகிறவர்கள்கூட அவ்வளவு திறக்க மாட்டார்கள். யாரோ உள்ளே விரலை விட்டு அகட்டிப் பிடித்த மாதிரி உதட்டோரங்கள் வெளுத்துப் போயிருந்தன. எச்சில் முகவாய் வழியே கெட்டியாக இறங்கி, சுடிதாரின் முன்பக்கத்தை நனைத்துக்கொண்டிருந்தது.

"பிளக்கப் பிடுங்குங்க, ஐயா."

பானுவின் அப்பா வேலு பிடுங்கினார். கருவி அணைந்தது.

வாய் மூடவில்லை.

மூன்றாவது இழுப்பில் சளக் என்ற சத்தத்துடன் ஹெட்செட் கையோடு வந்தது. உள்ளே இருந்த பஞ்சுத்திண்டு ஊறிப் பிழியும் பதத்தில் இருந்தது. தேவிப்ரியா அதைச் சட்டென்று கீழே போட்டுவிட்டு விரல்களைத் துப்பட்டாவில் தேய்த்தாள். பானு குனிந்து வாந்தி எடுத்தாள். காலையில் தின்ற இட்லி வரவில்லை. சாம்பலைக் கரைத்த மாதிரி சாம்பல் நிறக் கூழ் வந்தது. அதன் நடுவே, முடியைவிட மெல்லிசாக, ஒரு சாண் பட்டு இழை சுருண்டு கிடந்தது.

"வாயில விரலு வுட்டாங்கப்பா," என்றாள் பானு, மூச்சு வாங்கியபடி.

"யாரும்மா?"

"அம்மா."

ஆரணியில் வேலு வீட்டுத் தறிக்கூடத்துக்கு தேவிப்ரியா வருவது அது ஐந்தாவது தடவை. சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். மனிதக் கையும் கம்ப்யூட்டரும் எப்படிப் பழகுகின்றன என்பது அவள் பாடம். தறியில் ஓடி முடிந்த பழைய பாவின், அதாவது நீளவாக்கு இழைகளின், நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஐயாயிரம் இழை இருக்கும். முடிச்சே கிடையாது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து முறுக்கினால் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த வேலையில் வேலுவின் மனைவி கிருஷ்ணம்மாளை மிஞ்ச ஊரில் ஆள் இல்லை. சென்சார் கையுறையை மாட்டி, அவள் விரல் அசைவு முழுவதையும் தேவிப்ரியா பதிவு செய்திருந்தாள். ஹெட்செட் போடுகிறவர்களுக்குக் கண்முன் தறி தெரியும். அவர்கள் கை மேல் கிருஷ்ணம்மாளின் கை வந்து அமர்ந்து, விரலைப் பிடித்து வேலை சொல்லிக் கொடுக்கும்.

பதிவு நடந்த மூன்றாம் நாள் கிருஷ்ணம்மாள் மூச்சுத் திணறி இறந்துபோனாள். ஏற்கெனவே வீசிங் உள்ள உடம்பு என்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

இன்று கருவியை முதலில் மாட்டியவள் மகள்தான். செய்யார் கம்பெனியில் ஷிப்டு முடித்து, பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள். அம்மா கையால் கொட்டு வாங்காத நாளே இல்லை, கம்ப்யூட்டரிலும் கொட்டு வைக்குமா என்று கேலி பேசிக்கொண்டே மாட்டினாள்.

 இப்போது அவள் தாடை மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது.

ஹெட்செட் தரையில் கிடந்தது.

நாக்கு கீழே அமுங்கியது. ஏதோ ஒன்று அதன் மேல் அழுத்திப் புரட்டி எச்சிலை வழித்தது. கன்னத்தின் உட்புறம் ஒரு மேடு எழுந்து, இடமிருந்து வலமாக நகர்ந்தது. காய்ந்த தோல் ஈரத்தைத் தேடித் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. வேகாத பட்டின் கவிச்சை நாற்றம் கூடம் முழுக்கப் பரவியது. தேவிப்ரியா துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள். அவள் இந்த வீட்டில் ஒரு வாய் காபிகூடக் குடித்ததில்லை.

வேலு ஆட்டோவுக்குப் போன் போட்டார். பிறகு தேவிப்ரியாவிடம் திரும்பினார்.

"காலையில லேப்டாப்புல பானு அம்மா கைய பாத்துகினு இருந்தேன் மேடம். இன்னாவோ கொறையுதேன்னு நெனச்சேன். இப்பதான் தெரியுது. அவளுக்கு எச்சி தொடாம ஒரு இழ ஒட்டாது. நாலு இழைக்கு ஒரு வாட்டி வெரலு வாய்க்குப் போவும். எச்சிய தொட்டு, சாம்பல தொட்டு, அப்பறந்தான் முறுக்குவா. உங்க கம்ப்யூட்டர்ல அந்தக் கை ஒரு வாட்டிகூட வாய்க்குப் போவல."

தேவிப்ரியா உதட்டை நனைத்துக்கொண்டாள். "தேவையில்லாத அசைவுன்னு கம்ப்யூட்டரே எடுத்துடுச்சுங்க."

"எடுத்தத திருப்பி வெச்சுடுங்க. ஜல்தி. அவ வெரலு காஞ்சி கெடக்குது. அதான் வாய் தேடுது."

அவள் லேப்டாப்பைத் திறந்து எதையோ தட்டினாள். எண்கள் ஓடின. வேலுவுக்கு அந்த எண்கள் புரியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆட்டோ வந்துவிட்டால் போதும், பெண்ணை ஏற்றிவிட்டு ஊரைப் பார்த்துப் போய்விடலாம்.

"கெடைக்கலைங்க," என்றாள்.

"அன்னிக்கி கேமரா வெச்சீங்களே. நான் வந்தவாசிக்குப் போயிருந்தேன், பாப்பா ஷிப்டுல இருந்துச்சு. நீங்க கதவ சாத்திகினு எடுத்தீங்கன்னு பக்கத்து வூட்ல சொன்னாங்க. அதுல அவ எச்சி தொடுறது இருக்கும்ல. அதுலேந்து எடுத்து வெய்ங்க."

"அது அழிஞ்சிடுச்சுங்க."

பானுவின் உதடு நீலம் பாரித்தது.

பக்கத்துத் தெரு பவர்லூம் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. ஆட்டோ வரவில்லை.

பானுவின் வலது கை மெல்ல எழுந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசின. இல்லாத இழையை முறுக்கின. பிறகு அந்தக் கை லேப்டாப்பை நோக்கி நீண்டு, திரையில் ஒரே ஒரு இடத்தில் வந்து நின்றது. பதிவு நடந்த தேதியைப் பெயராகக் கொண்ட ஃபைல் அங்கே இருந்தது.

நின்ற விரல் காத்திருந்தது.

வேலு திரையைப் பார்த்தார். தேவிப்ரியாவைப் பார்த்தார்.

"அழிஞ்சிடுச்சுன்னீங்க."

லேப்டாப்பை மூடிவிடலாம். ஒரு நொடி வேலை. மூடியில் கையை வைத்துவிட்டாள். ஆனால் பானுவின் நெஞ்சு ஏறுவதை நிறுத்தியிருந்தது. கண்ணின் கறுப்பு மேலே போய்க்கொண்டிருந்தது.

தேவிப்ரியா மூடியிலிருந்து கையை எடுத்து, வீடியோவைத் தட்டினாள்.

படக்கென்று பானுவின் தாடை மூடிக்கொண்டது. மூக்கு வழியாகக் காற்று சீறி உள்ளே போனது. இருமினாள். அழுதாள். வேலு அவள் தலையை மார்போடு சேர்த்துக்கொண்டார்.

தேவிப்ரியா வாய் திறந்து பெருமூச்சு விட்டாள்.

திறந்த வாயில் சாம்பல் ருசித்தது.

இரண்டு விரல்கள். காய்ந்து, வெடித்து, நகக்கண்ணில் பட்டுப் பசை ஒட்டியவை. அவசரமே இல்லாமல் நாக்கின் மேல் வந்து அமர்ந்தன. அவற்றில் வெற்றிலை வாசனை அடித்தது. துப்ப நினைத்தாள். பல்லைக் கடிக்க நினைத்தாள். தாடை அவள் பேச்சைக் கேட்கவில்லை.

லேப்டாப்பில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதை வேலு மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிருஷ்ணம்மாள் தறியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் கறுப்புக் கையுறை. முகத்தில் ஒரு மாஸ்க். அதன் மேல், காதிலிருந்து காது வரை, பார்சல் ஒட்டும் பழுப்பு டேப் மூன்று சுற்று இறுக்கிச் சுற்றியிருந்தது. மூக்குத் துவாரம் சுருங்கி விரிந்தது. நாலு இழைக்கு ஒரு தடவை அவள் கை பழக்கத்தில் வாய்க்குப் போய், டேப்பில் மோதித் திரும்பியது. திரையின் மூலையில் இருந்த கடிகாரம் மூன்றாவது மணி நேரத்தைக் காட்டியது. அவள் கேமராவுக்குப் பின்னால் இருந்த ஆளைப் பார்த்து, மெல்லக் கைகூப்பினாள்.

கேமராவுக்குப் பின்னாலிருந்து தேவிப்ரியாவின் குரல் கேட்டது.

"கழட்டாதீங்கம்மா. ஈரம் பட்டா சென்சார் போயிடும். சீ... எச்சில்."