கேட்காமல் எடுத்த படம்

மன்னார்ப் பாலத்தைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது.

இரண்டு பக்கமும் கடல். நடுவில் ஒற்றைக் கோடாய்த் தெரு. ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. அன்ரோனெற் ஸ்கூட்டியின் வேகத்தைக் குறைத்து, பின்னால் கட்டியிருந்த, கூரைக்கு விரிக்கும் தறப்பாள்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். அவை இன்றைக்குள் உயிலங்குளம் போய்ச் சேர வேண்டும். அங்கே புதிதாகக் குடியேறியவர்களின் கூரைகள் ஒழுகுகின்றன. போருக்குப் பயந்து படகேறி, இந்தியாவின் அகதி முகாம்களிலேயே ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டு, இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிற குடும்பங்கள்...

படிப்பை முடித்து ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கும் நாட்களில், அந்தக் குடும்பங்களுக்கு உதவும் சிறிய நிறுவனம் ஒன்றில் தொண்டராகச் சேர்ந்திருந்தாள் அவள்.

திரும்பிப் பார்த்ததுதான் பிழை. முன்னே பார்த்தபோது தெருவின் நடுவே கழுதைகள் நின்றன. குடும்பமாக, ஆறுதலாக, மழையை ரசித்தபடி...

பிரேக்கைப் பிடித்தாள். ஸ்கூட்டி ஒருபக்கம், அவள் ஒருபக்கம், தறப்பாள்கள் இன்னொரு பக்கம்.

"அடி பட்டுடுச்சாங்க?"

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்த ஒருவன் கை நீட்டினான். எழுந்து நின்றதும் அவளுக்கு வலியைவிட வெட்கம் வந்தது. வெட்கத்தைவிடக் கோபம் வந்தது.

"கழுதையளைக் கட்டி வைக்கக் கூடாதோ?"

"என் கழுதை இல்லைங்க. எனக்கும் இப்பத்தான் அறிமுகம்."

சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்திக்கொண்டாள். அவன் தறப்பாள்களைப் பொறுக்கி அடுக்கி, கயிற்றை இறுக்கிக் கட்டினான். கட்டும்போது அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை அவன் கண்ணில் பட்டது.

"அன்... ரோ... நெற்... நெற்கதிர் மாதிரி இது என்னங்க பேரு?"

"அன்டோனெட் எண்டு வாசிக்க வேணும்."

"எழுதுறது ஒண்ணு, வாசிக்கிறது ஒண்ணா?"

"ஓம். விருப்பமில்லாட்டி வாசிக்காதேங்கோ."

"வாசிக்காம இருக்க முடியலையே..." என்றவன், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் திடுக்கிட்டுக் கயிற்றின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் இமைகளில் மழை துளித்துளியாய்க் கோர்த்து நின்றது. அத்தனை துளிகளுக்கும் பின்னால் அந்தக் கண்கள்... சிரித்தனவா, மன்னிப்புக் கேட்டனவா?

அவன் பேச்சு அவளுக்குப் புதிதாக இருந்தது. "இந்தியாவில இருந்து உடுப்பு விக்க வந்தனீங்களோ?"

சிரிப்பு பாதியில் நின்றது. "இல்லைங்க. வீட்டுக்கு வந்திருக்கேன்."

அவன் போன பிறகும் அந்த ஒரு வாக்கியம் அவளோடு கூடவே வந்தது.

உயிலங்குளத்தில் முதல் வீடு மார்த்தாவுடையது. ஒழுகும் இடத்துக்கெல்லாம் சட்டி வைத்துவிட்டு, வைக்கச் சட்டி இல்லாமல் நின்றாள் அந்தத் தாய்.

"உள்ளுக்கு வா பிள்ளை, நனையாதை."

கொடுக்கும்போது ஒரு படம் எடுக்க வேண்டும் என்று நிறுவனத்தின் கந்தோரில் சொல்லியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டு, அன்ரோனெற் வாசலில் மழைக்குள் நின்றபடியே தறப்பாளை நீட்டினாள். "அம்மா, ஒருக்காச் சிரியுங்கோ." மார்த்தா இரண்டு கையையும் நீட்டினாள். கூச்சத்தோடு சிரித்தாள்.

பிறகு வீட்டில் இருந்த ஒரே கதிரையில் அவளை இருத்தி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். தன் கதையையும் சொன்னாள். பிறந்தது மன்னாரில் கீரி என்ற கடற்கரை ஊரில். கலியாணம் முடித்த கையோடு சண்டை. படகு. மண்டபம் முகாம். புருஷனை அந்த மண்ணிலேயே புதைத்துவிட்டு, அங்கே பிறந்த மகனோடு திரும்பி வந்திருக்கிறாள்.

வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது.

"நீங்களா?" என்றான் அவன்.

"உனக்கு இந்தப் பிள்ளையைத் தெரியுமோ, நிறோஜன்?" என்றாள் மார்த்தா.

"எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா சில கழுதைகளைத் தெரியும்மா."

இந்த முறை அன்ரோனெற்றால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தேத்தண்ணி புரையேறிவிட்டது.

அந்த மழையிலேயே அவன் கூரையில் ஏறினான். கீழே நின்று தறப்பாளின் நுனியைப் பிடித்துக் கொடுத்தாள் அவள். இந்தியாவில் பட்டப் படிப்பு முடித்தானாம். அகதிக்கு யார் வேலை கொடுப்பார்கள்? வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கப் போனானாம்.

"அங்க என்னை சிலோன்காரன்னாங்க. இங்க இந்தியாக்காரன்கிறாங்க," என்றான் மேலே இருந்து.

அவளுக்கு முகம் சுட்டது. "நானும் அப்பிடித்தான் கேட்டனான்... குறை நினைக்காதேங்கோ."

அவன் குனிந்து பார்த்தான். நனைந்த முகத்தை நிமிர்த்தி அவளும் பார்த்தாள். இடையில் மழை மட்டும்தான் இருந்தது... அதுவும் இருந்ததா என்று பிறகு அவளுக்கு நினைவில்லை.

அந்த மாரிகாலம் முழுக்க அவள் உயிலங்குளத்துக்குப் போனாள். முகாமில் பிறந்து வந்த பிள்ளைகளுக்கு இங்குள்ள பாடங்கள் புதிது, சிங்களம் அதைவிடப் புதிது. பொது மண்டபத்தில் அவர்களுக்குப் பின்னேர வகுப்பு வைத்தாள். அந்த மண்டபத்துச் சுவருக்குக் கூலி வாங்காமல் பெயின்ட் அடிக்க வந்தான் நிறோஜன். ஒரு சுவருக்கு இத்தனை நாள் எடுக்குமா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"வடிவுன்னா அழகுதானே?"

"ஓம்."

"அப்ப சரியாத்தான் சொல்லியிருக்கேன்."

"ஆரிட்ட? என்ன சொன்னீங்கள்?"

"அம்மாகிட்ட... சுவரைப் பத்தி."

சுவரைப் பற்றியாம். தூரிகையைப் பிடித்திருந்த அவன் காது மடல் சிவந்ததை அவள் பார்க்காதவள்போல இருந்தாள். அன்றிரவு கண்ணாடியின் முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றாள்.

ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு குறைவு.

ஒரு திங்கட்கிழமை நிறோஜன் தூரிகை இல்லாமல் வந்தான். பிள்ளைகள் போகும்வரை வாசலிலேயே நின்றான். அந்தக் கண்களில் இன்று சிரிப்பு இல்லை.

"டவுன்ல உங்க ஆபீஸ் வாசல்ல பேனர் வச்சிருக்காங்க. பார்த்தீங்களா?"

"இல்லையே... என்ன பனர்?"

"எங்கம்மா. கையை நீட்டிக்கிட்டு. பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவங்க எல்லாம் பார்க்கிற மாதிரி."

அந்தப் படம்... கந்தோருக்கு அனுப்பியது அவள்தான். கோப்பில் இருக்கும் என்று நினைத்து அனுப்பியது.

"அன்னைக்கு எங்கம்மா உங்களை உட்கார வச்சு டீ போட்டுக் கொடுத்தாங்க," என்றான். குரல் உயரவில்லை. "அதை யாரும் படம் எடுக்கலையே. நீங்க எங்க வீட்டுக்கு வந்தீங்களா, உதவி வாங்குறவங்க வீட்டுக்கு வந்தீங்களான்னு எனக்குத் தெரியலைங்க."

திரும்பிப் பாராமல் போனான். பாதி அடித்த சுவர் அப்படியே நின்றது.

அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். எனக்குத் தெரியாது, நான் வைக்கவில்லை என்று வாதாடியிருப்பாள். அவன் கத்தவில்லை. அதுதான் நெஞ்சில் கிடந்து அறுத்தது.

மறுநாள் காலை அவள் கந்தோருக்குப் போனாள். பொறுப்பாளர் அருட்பிரகாசம் கெட்ட மனிதர் இல்லை. ஊருக்காக ஓடித் திரிகிறவர்தான். ஆனால் உதவி கொடுப்பவர்களுக்குக் காட்ட ஒரு முகம் வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

"சேர், அந்தப் பனரைக் கழட்டுவமே? அந்த அம்மாட்டக் கேக்காமப் போட்டது பிழை."

"இண்டைக்கு வெளிநாட்டில இருந்து ஆக்கள் வருகினம், பிள்ளை. அவையள் போகட்டும்."

"போன பிறகு கழட்டி என்ன சேர்? இப்ப ஒருக்கா அவவைக் கேப்பம்."

"உதவி வாங்கின ஆக்களிட்ட என்னத்தைக் கேக்கிறது?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சாதாரணம்தான் அவளை எழுப்பிவிட்டது. மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தாள். வாசலுக்கு நடந்தாள். பஸ்ஸுக்கு நின்ற சனம் பார்த்துக்கொண்டிருக்க, கதிரையில் ஏறி ஒவ்வொரு கயிறாக வெட்டினாள்.

அருட்பிரகாசம் வெளியே வந்தார். கீழே சரிந்து கிடந்த பனரைப் பார்த்தார். பிறகு, "இனிக் கந்தோருக்கு வர வேண்டாம்," என்றார், மெதுவாக.

"சரி சேர்," என்றாள். அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பனரைச் சுருட்டி ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு நேரே உயிலங்குளம் போனாள்.

மார்த்தா அதை முற்றத்தில் விரித்துப் பார்த்தாள். தன் முகத்தை அவ்வளவு பெரிதாக அவள் கண்டதே இல்லை. விரலால் ஒருமுறை தொட்டாள்.

"பிச்சைக்குக் கையேந்தின மாதிரியெல்லோ கிடக்கு," என்றாள். "நான் அப்பிடி நீட்டேல்லப் பிள்ளை. அந்தப் பாரத்தோட நீ மழைக்குள்ள நிண்டாய். பாவம், கை வலிக்குமே எண்டு வாங்க நீட்டினனான்."

அன்ரோனெற் உடைந்துபோனாள். தான் கொடுத்ததாக அல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்...

"மன்னிச்சுக்கொள்ளுங்கோம்மா. என்ன செய்யப் போறம் எண்டு உங்களிட்டச் சொல்லியிருக்க வேணும்."

"அழாதை. முகமெல்லாம் வீங்கிப்போகும்." மார்த்தா தன் சேலைத் தலைப்பால் அவள் கண்ணைத் துடைத்தாள். பிறகு பனரைப் படம் உள்ளே போகும்படி புரட்டி, நனைந்து கிடந்த விறகின்மேல் போட்டு மூடினாள். "நல்ல கெட்டித் துணி. என்னட்டச் சொன்னதை அவனிட்டயும் போய்ச் சொல்லு. அங்க கீரியில வள்ளத்துக்குப் பெயின்ற் அடிக்கிறான். சாப்பாடும் வேண்டாமெண்டு போட்டுப் போனவன்."

கீரி அன்ரோனெற்றின் ஊரும்தான். தினமும் பார்க்கிற கடல்தான். ஆனால் அன்று ஸ்கூட்டியை வீட்டுக்குத் திருப்பாமல் நேரே மணலில் இறங்கினாள். மழை விட்டிருந்தது. கவிழ்த்துப் போட்ட வள்ளம் ஒன்றின் பக்கத்தில் முட்டுக்காலில் இருந்து நீலம் பூசிக்கொண்டிருந்தான் நிறோஜன்.

அவளைக் கண்டதும் எழுந்தான்.

"பனரைக் கழட்டியாச்சு," என்றாள். "அம்மாட்ட மன்னிப்பும் கேட்டிட்டன்."

"உங்க ஆபீஸ்ல ஒத்துக்கிட்டாங்களா?"

"இல்லை. இப்ப எனக்குக் கந்தோரும் இல்லை."

அவன் முகம் மாறியது. "அய்யோ... நான் அதுக்காகச் சொல்லலைங்க."

"நீங்கள் சொன்னதுக்காக நான் செய்யவும் இல்லை. பிழை எண்டு பட்டுது. செய்தனான். பிள்ளையளுக்குப் படிப்பிக்கக் கந்தோர் எதுக்கு? நாளைக்கும் வகுப்பு இருக்கு."

அலை வந்து போனது. அவன் தூரிகையில் இருந்து நீலம் சொட்டுச் சொட்டாய் மணலில் விழுந்தது.

"எனக்குக் கோபம் உங்க மேல மட்டும் இல்லைங்க," என்றான் நிறோஜன். "அந்தப் படத்துல அம்மாவுக்குப் பின்னால நானும் நிக்கிற மாதிரி இருந்துச்சு. உங்க முன்னாடி எப்பவும் வாங்குறவனாவே இருந்துடுவேனோன்னு... எனக்குன்னு இங்க ஒரு துண்டுக் காணிகூட இல்லை. எந்த ஊர்க்காரன்னு கேட்டா நானே யோசிக்கணும். இதுல மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு, அதை எப்படி வெளிய..."

நிறுத்திவிட்டான்.

'சொல்லேன்' என்று அவள் மனம் கெஞ்சியது. அவன் சொல்லப் போவதில்லை என்றும் அதே மனம் சொன்னது. துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"நான் இண்டைக்குக் குடுக்க வரேல்ல. கேக்க வந்தனான்."

"என்ன கேக்க?"

"உங்களை."

அவன் விளங்காமல் பார்த்தான். பிறகு விளங்கியது... அது விளங்கிய கணத்தை அவள் கண்ணெதிரே கண்டாள். முதலில் அந்தக் கண்கள் கலங்கின. பிறகுதான் சிரித்தன.

"எனக்கும்தாங்க," என்றான். "அந்த மழையில உங்களைப் பார்த்ததுல இருந்தே... எங்க போறதுன்னு தெரியாம வந்தவனுக்கு, இந்த ஊர்ல நீங்க இருக்கீங்கன்னு ஒரு காரணம் கிடைச்ச மாதிரி..."

காற்று அவள் தலைமுடியை முகத்தில் எறிந்தது. ஒதுக்கக் கை நீட்டியவன், விரலில் நீலம் இருப்பதைக் கண்டு பின்வாங்கினான். அவளோ அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையும் நீலமாயின.

"உங்க வீட்டுல என்ன சொல்வாங்க?" என்றான் கொஞ்ச நேரம் கழித்து.

அன்ரோனெற் தன் தந்தை எமிலியானுஸை நினைத்துப் பார்த்தாள். அதோ, தள்ளி இருந்து வலையில் சிக்கெடுக்கிறார். இந்தப் பக்கம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்தும்விட்டார்.

"அப்பா பேசுவார்," என்றாள்.

அவன் முகம் பூவாய் மலர்ந்தது. "பேசுவாரா? அப்பப் பிரச்சினையே இல்லையே."

"ஐயோ, இஞ்ச பேசுறது எண்டா ஏசுறது. நல்லா ஏசுவார்."

"ஓ..." மலர்ந்த முகம் வாடியது. "ஏசிட்டு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கன்னத்தில் குழி விழுந்தது.

"ஏசிப்போட்டு... பிறகு கலியாணம் பேசுவார்."

நிறோஜன் தூரிகையைப் பெயின்ட் வாளிக்குள் போட்டான். கையை உதறிக்கொண்டு, எமிலியானுஸ் இருந்த பக்கம் நடக்கத் தொடங்கினான்.

"வாங்க," என்றான். "முதல்ல ஏச்சை வாங்கிடுவோம்."