கொடிக்காரருக்குத் திசை

வடக்கைக் காட்டிக்கொண்டிருந்த முள் மெதுவாக வலப்பக்கம் திரும்பி நின்றது. நில அளவையாளரான அவள் உள்ளங்கையிலிருந்த திசைகாட்டியைத் தட்டிப் பார்த்தாள். முள் நடுங்கிவிட்டு அதே பக்கம் போய் நின்றது.

இன்று அவளிடம் இரும்பு என்று எதுவும் இல்லை. சாவிக்கொத்தைக்கூட வண்டியில் வைத்துவிட்டு வந்திருந்தாள். இந்தப் புத்தி மூன்று வாரத்துக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா? அன்று புதர் வெட்டிய அரிவாள் இடுப்பிலேயே தொங்கியது. அது முள்ளை இழுத்ததைக் கவனிக்காமல், எல்லை குறிக்கும் கொடிக்கம்பத்தோடு முன்னால் போகும் கொடிக்காரரைப் பனிமூட்டத்துக்குள் அனுப்பிவைத்தாள். அந்தப் பக்கம் சதுப்பு. மனிதர் திரும்பவில்லை. ‘சொன்ன திசையில் ஊழியர் செல்லவில்லை’ என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டாள். இருபது வருட நல்ல பெயர் இருந்தது, யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. போனவர் வந்து சாட்சி சொல்லவா போகிறார்?

இரண்டடி தள்ளிக் கொடிக்காரரின் மனைவி நின்றிருந்தாள். அவர் கடைசியாக நின்ற இடத்தைப் பார்த்தே தீருவேன் என்று மூன்று நாள் அலுவலக வாசலில் உட்கார்ந்து, இவளைக் கிளப்பிக்கொண்டு வந்தவள்.

“சொன்னா சொன்னபடி செய்யற மனுஷன் மேடம். உப்பு வாங்கிட்டு வரச் சொன்னா உப்பை மட்டும்தான் வாங்கிட்டு வருவாரு. அவரு எப்படி திசை மாறிப் போவாரு?”

“பனியில யாருக்கும் திசை தப்பும்மா.”

சொன்ன வாய் கசந்தது.

பகல் மூன்று மணிதான். ஆனாலும் பனி நாணலின் தலைகளை ஒவ்வொன்றாக விழுங்கி, அழுகிய தழையின் வாடையைக் காலடியிலிருந்து கிளப்பி, இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த தவளைகளின் வாயையும் அடைத்துவிட்டு, இருவரையும் சுற்றி ஈரத்துணியாக இறங்கியிருந்தது. முள் மறுபடி நகர்ந்தது. வலப்பக்கத்திலிருந்து பின்பக்கம், அங்கிருந்து இடப்பக்கம். எதுவோ அவர்களைச் சுற்றி வருகிறது, முள் அதையே பார்த்துத் திரும்புகிறது. கொடிக்கம்பத்தின் அடியில் இரும்புப் பூண் உண்டு என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

ஈர மண்ணில் கம்பை ஊன்றி எடுக்கும் சத்தம் கேட்டது. சளக். சளக்.

முள் நேர் எதிரே நின்றது.

“மேடம், நின்னுட்டேன். வலது பக்கம் வரவா, இடது பக்கம் வரவா?”

அளவுக் கோட்டுக்கு நேராக நிற்பதற்காகக் கொடிக்காரர் தினமும் கேட்கும் கேள்வி. அதே குரல். கொஞ்சம் ஈரமாக.

“அவருதான்! என்னங்க... இதோ வந்துட்டேங்க!”

மனைவி ஓடினாள். தடுக்க ஒரே வார்த்தை போதும். போகாதீங்க, அந்தப் பக்கம் அவரை அனுப்பினது நான்தான். வார்த்தை தொண்டை வரை வந்தது. கூடவே அறிக்கையும் கையெழுத்தும் கண்முன் வந்தன. ஒரு நொடி யோசித்தாள்.

சேறு கலங்கும் சத்தம். ஒரு மூச்சு. பிறகு எதுவும் இல்லை.

“அம்மா?” என்றாள். “எங்கே இருக்கீங்க?”

“நானும் நின்னுட்டேன் மேடம்.”

அழுகை இல்லை. பயம் இல்லை. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவளின் பணிவு.

பனி சற்று விலகியது. சதுப்பு தெரிந்தது. சேற்றின் மட்டத்தில் இரண்டு தலைகள். தாடை வரை சேறு. பக்கத்தில் பக்கத்தில். திறந்த வாய்களோடு அவளையே பார்த்துக் காத்திருந்தன.

ஓடத்தான் நினைத்தாள். கால் வரவில்லை. கொடிக்காரருக்குக் கையை நீட்டித் திசை காட்டிய இருபது வருடப் பழக்கம். வலது கை தானாக உயர்ந்து, பக்கவாட்டில் நீண்டது.

இரண்டு தலைகளும் அந்தக் கையைப் பார்த்தபடியே, சேற்றைக் கிழித்துக்கொண்டு, மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தன.